‘லைன்ல பிராப்ளம்’ என்று சொல்லிப் பிழைத்தவன்

‘லைன்ல பிராப்ளம்’ என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பல வருஷம் கடை நடத்தினேன். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். ஆன்லைன் கேம் ஆடுகிற பையன்கள் ‘லேக் அடிக்குதுண்ணே’ என்று வந்து நின்றால், நான் கேட்கிற முதல் கேள்வி ‘எத்தனை எம்பி பிளான்?’ என்பதுதான். அந்தக் கேள்வியே தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகும் அதையேதான் கேட்டேன். காரணம், பதில் எதுவாக இருந்தாலும் அடுத்து ஒன்றை விற்க முடியும். ஐம்பது என்றால் நூறு போடச் சொல்லலாம். நூறு என்றால் ரவுட்டரை மாற்றச் சொல்லலாம். ரவுட்டரும் புதுசு என்றால், ‘அப்ப லைன்லதான் பிராப்ளம், கேபிள்காரர்கிட்ட சொல்லுங்க’ என்று அனுப்பிவிடலாம். பிளான் மாற்றினால் எனக்குக் கமிஷன் வரும். ரவுட்டரில் லாபம் வரும். கேபிள்காரரைத் திட்டினால் ஒன்றும் வராது, ஆனால் என் தலை தப்பும்.

இத்தனைக்கும் கேம் தெரியாதவன் இல்லை நான். தெற்கு வீதிப் பக்கம் பிரௌசிங் சென்டரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிவிட்டு வீட்டில் அடி வாங்கிய தலைமுறை. அங்கே எல்லா கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்சில் இருக்கும். சுட்டால் விழுவான், விழுந்தவன் கத்துவது பின்னாலிருந்து காதில் கேட்கும். தாமதம் என்ற ஒன்றைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அங்கு வரவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, ஊர் முழுக்கப் போனில் ஆட ஆரம்பித்தது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பைச் சொல்லி வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அந்த வருஷம் ஜூனில் வேலரன்ட் என்ற கம்ப்யூட்டர் கேம் வந்தது. செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. போனில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு கூட்டம் அப்படியே கம்ப்யூட்டருக்கு மாறி, என் கடை வாசலுக்கு வந்தது. வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது. தெரியாது என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்லவும் வரவில்லை.

ஓரளவு தெரிந்ததையும் மறைத்தேன் என்பதுதான் இன்னும் மோசம். ஃபைபருக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். தஞ்சாவூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போய்த் திரும்ப 11, 12 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ பெட்டிகளில் ஏறி இறங்குகிறது. ஆகவே நம் ஊரிலிருந்து மும்பை சர்வருக்கு 30, 40 என்று பிங் காட்டினால் அது நல்ல லைன். சிங்கப்பூர் சர்வரில் ஆடினால் தூரம் 2,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் கடலுக்கடியில் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளமே சுமார் 3,200 கிலோமீட்டர். இருபத்தொன்பது மில்லி செகண்டுக்குக் கீழே அங்கே போய்வர எவனாலும் முடியாது, ஆயிரம் எம்பி பிளான் போட்டாலும் முடியாது. எம்பி என்பது அளவு. பிங் என்பது நேரம். டெல்டாக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்: மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்பது ஒரு சேதி, அந்தத் தண்ணீர் கல்லணைக்கு என்றைக்கு வந்து சேரும் என்பது வேறு சேதி. இரண்டாவதைக் கேட்டு வந்தவர்களுக்கு முதலாவதை விற்றேன். துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை ஆட ஒன்றிரண்டு எம்பியே தாராளம் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த அப்பா, மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே 2020, குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கணக்கில் ஏறியிருந்த சமயம். பையன் பிளஸ் டூ. அப்பா கடை ஸ்டூலில் உட்கார்ந்து, “தம்பி, இவன் தினம் நெட்டு நெட்டுன்னு உயிரை வாங்குறான். நல்லதா ஒண்ணு பாத்துக் குடுத்துடுங்க” என்றார். பையன் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: “மௌஸ் கனமா இருக்குண்ணே. நான் திருப்புறேன், அது அப்புறமாத்தான் திரும்புது.”

நோய் என்ன என்பது முழுதாக அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எனக்குக் காது இல்லை.

இன்றைய துப்பாக்கிச் சண்டை கேம்கள், நீங்கள் மௌஸைத் திருப்பினால் சர்வரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பார்வையைத் திருப்புவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரே உடனே திருப்பிவிடும். நடப்பதும் அப்படித்தான்: கம்ப்யூட்டர் முதலில் நடத்திவிட்டு, சர்வர் என்ன சொல்கிறது என்று பிறகு ஒத்துப்பார்க்கும். ஜான் கார்மேக் என்ற புரோகிராமர் 1996-ல் குவேக்வேர்ல்டு என்ற கேமுக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தார். டயல்-அப் மோடத்தில் ஆடியவர்களுக்கு வேறு கதி இல்லை. அன்றிலிருந்து இந்த வகை கேம்களில் இது வழக்கமாகிவிட்டது. ஆகவே நெட் மோசமாக இருந்தால் வேறு அடையாளங்கள் தெரியும். எதிரி இங்கிருந்து அங்கே தாவுவான். நீங்கள் ஓடிய இடத்திலிருந்து பழைய இடத்துக்கே இழுத்துவிடும். சுவருக்குப் பின்னால் போய்விட்டோம் என்று நினைத்த பிறகு சாவீர்கள். மௌஸ் மட்டும் கனக்காது. மௌஸ் கனத்தால் கோளாறு உங்கள் மேஜையில் இருக்கிறது.

அந்தப் பையன் மானிட்டராக வைத்திருந்தது ஹாலில் இருந்த 32 இஞ்ச் எல்இடி டிவி. ஹெச்டிஎம்ஐ வயரில் போட்டு ஆடியிருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியது நான். டிவி என்பது வருகிற படத்தை அப்படியே காட்டுவதில்லை. அழகுபடுத்தும், அசைவை வழவழப்பாக்கும், அதற்காகச் சில பிரேம்களைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். ஐந்து பிரேமைப் பிடித்து வைத்தாலே எண்பது தாண்டிவிடும். அவன் மும்பைக்குப் போய்வர எடுத்த நேரத்தைவிட டிவிக்குள் படம் நின்ற நேரம் அதிகம். ரிமோட்டில் பிக்சர் மெனுவுக்குப் போய் ‘கேம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிங்காரம் எல்லாம் நின்றுவிடும். காலணா செலவில்லை.

நான் கொடுத்தது நாலு கொம்பு ஆண்டெனா, சிவப்பு விளக்கு எரிகிற ‘கேமிங் ரவுட்டர்’. 6,800 ரூபாய். கூடவே பிளானையும் ஏற்றிவிட்டேன். அந்த வருஷம் சன்ன ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டால் 1,958 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு 783 ரூபாய் வருகிறது. ரவுட்டர் மட்டும் ஒன்பது சிப்பத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போட்டுப் பார்க்கவில்லை. அவர் போட்டிருப்பார்.

சில மாதம் கழித்துப் பையன் போன் செய்தான். குரலில் சந்தோஷம். “அண்ணே, டிவி ரிமோட்ல கேம் மோடுன்னு ஒண்ணு இருக்குண்ணே. போட்டேன், எல்லாம் சரியாயிடுச்சு.” ‘தம்பி, நான் தப்பாச் சொல்லிட்டேன், ரவுட்டரைக் கொண்டு வந்து குடுத்துட்டுப் பணத்தை வாங்கிக்க’ என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் சொன்னது இது: “புது ரவுட்டர் செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்ப்பா. இப்பதான் செட் ஆயிருக்கு.”

ரவுட்டர் செட் ஆவதாம். எழுதும்போதே கூசுகிறது. அவன் ‘அப்படியாண்ணே’ என்று போனை வைத்தான். நம்பினானா, நம்பியது போல் இருந்தானா என்று தெரியாது. அதற்குப் பிறகு என் கடைக்கு அவன் வரவில்லை.

சில்லறைத் திருட்டுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ‘பிங் குறைக்கிற சர்வீஸ்’ என்று முந்நூறு ரூபாய் வாங்கியிருக்கிறேன். டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றுவேன். அது சர்வரின் பெயருக்கு முகவரி தேடித் தருகிற வேலை, ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்கு அங்கே ஜோலியே இல்லை. ரெஜிஸ்ட்ரியில் டிசிபி தொடர்பான இரண்டு எண்களை மாற்றுவேன். இந்த கேம்கள் பெரும்பாலும் ஓடுவது டிசிபியில் இல்லை, யுடிபி என்ற வேறு வழியில். ‘விண்டோஸ் இருபது பர்சன்ட் நெட்டைத் தனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கு, அதை ரிலீஸ் பண்றேன்’ என்பேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிற கட்டுக்கதை அது. மேலே ஒரு ‘கேம் பூஸ்டர்’ போட்டுவிடுவேன், அதுவே பின்னணியில் ஓடி மெமரியைத் தின்னும். வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்வேன். ரீஸ்டார்ட் செய்த கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடும்.

வைஃபை விஷயத்திலும் அப்படித்தான். கோட்டைக்குள் இருக்கிற பழைய வீடுகளின் சுவர், ஜன்னல் திண்ணையில் ஆள் உட்காரும் அளவுக்குக் கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டி வரும்போது பாதி உயிர்தான் இருக்கும். 2.4-ல் போட்டால் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு வைஃபையும் அதே சந்தில் முட்டிக்கொள்கிறது. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தால் முடிந்தது. ஆனால் கேபிளில் எனக்கு என்ன நிற்கும்? வைஃபை எக்ஸ்டெண்டர் விற்றேன். எக்ஸ்டெண்டர் தாமதத்தை இன்னும் கொஞ்சம் கூட்டும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மனிதரின் பேரைக் கெடுத்தேன், அதுதான் அதிகம் உறுத்துகிறது. அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. அண்ணன் சிங்கப்பூரில் வேலை. தம்பி இங்கே கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு, ராத்திரியில் வேலரன்ட் ஆடிக்கொண்டு இருந்தான். பகலில் பிங் நாற்பது. சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு மேல் முந்நூறு, நானூறு. ஒரு மணி நேரம் போல ஆட்டம் காட்டும், பிறகு தானாகச் சரியாகிவிடும். நான் போய்ப் பார்க்காமலே, “சாயங்காலம் எல்லாரும் நெட் யூஸ் பண்றாங்க, கேபிள்காரர் லைனை ஓவர்லோடு பண்ணியிருக்காரு” என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

அந்த ஏரியாவுக்கு ஃபைபர் பார்க்கிற ஆள் வந்தார். போஸ்டில் ஏறினார். மழையில் ஒரு தரம் ஏறினார். ஜாயின்ட்டைப் பிரித்து மறுபடி ஸ்ப்ளைஸ் போட்டார். வீட்டுக்குள் வரும் முனையில் பவர் மீட்டரை வைத்துக் காட்டினார்: மைனஸ் பத்தொன்பது. அது நல்ல அளவு, மைனஸ் இருபத்தேழு வரை தாங்கும். “பவர் சரியா இருக்கு சார், லைன்ல ஒண்ணும் இல்ல” என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பையன் ஸ்பீக்கரில் எனக்குப் போன் போட்டான். “அப்படித்தான் சொல்வாங்க” என்றேன் நான், அவர் காதில் விழும்படி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது போஸ்ட் சாய்ந்து, கேபிள் அறுந்து, அறுந்ததையெல்லாம் ஒட்டுப் போட்டு ஓட்டிய கதையை வேறு எடுத்துவிட்டேன். ‘கஜாவுல போட்ட ஜாயின்ட்தான் எல்லாம், எப்படி நல்லாருக்கும்?’ கஜா எனக்கு ரொம்ப நாள் கைகொடுத்தது. புயலைத் திட்டினால் அது திரும்பி வந்து கேட்காது.

கடைசியில் வேறு வேலையாக அந்த வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போனேன். ஹாலில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார்: “மாடு கட்டியாச்சுப்பா, பாரு, தெரியுதா?” மாட்டுக் கொட்டகை, வாசல், களம், பின்கட்டு என்று நாலு கேமரா. சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அண்ணன் ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுக்கப் போகுமுன் நாலு கேமராவையும் முழுத் தெளிவில் திறந்து வீட்டைப் பார்க்கிறான். அப்போது இங்கே ஏழரை. நாலு படமும் இந்த வீட்டிலிருந்து மேலே போக வேண்டும், அப்லோடு. அவர்கள் பிளானில் அப்லோடு பத்து எம்பி.

லைன் நிரம்பினால் ரவுட்டர் மிச்சத்தைக் கீழே போடாமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். அரை மெகாபைட் கொள்ளளவுள்ள சின்ன வரிசைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஐந்நூறு கிலோபைட். நொடிக்குப் பத்து மெகாபிட் போகிற லைனில் அது கரைய 400 மில்லி செகண்ட் ஆகும். பையனின் ஒரு சின்னத் தோட்டா அந்த வரிசையின் கடைசியில் நின்று, மாட்டுக் கொட்டகைப் படத்துக்குப் பின்னால் வெளியே போகிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பேர். அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு நெட்டை நோண்டிப் பார்த்துத்தான் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற வழியைக் கொடுத்தார்கள்: எவ்வளவு நிற்கிறது என்று பார்க்காமல், எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்த்து வரிசையை வெட்டுவது. சில ரவுட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது. நான் விற்ற சிவப்பு விளக்கு ரவுட்டரில் இல்லை.

கேமராக்களைச் சின்னப் படத்துக்கு மாற்றிவிட்டேன். பிங் நாற்பதுக்கு இறங்கியது. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன். ‘அந்தக் கேபிள்காரர் முதல் நாளே சரியாத்தான் சொன்னார்’ என்ற ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்தத் தெருவில் அவர் ‘வேலை தெரியாத ஆள்’ என்று பேர் வாங்கியது என் வாயால். இப்போதும் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எதிரில் வந்தால் வணக்கம் சொல்கிறார். நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுகிறேன்.

நான் சரியாகச் சொன்ன ஒன்றும் இருக்கிறது, நியாயத்துக்கு அதையும் எழுதுகிறேன். வயலை ஒட்டிய வீடுகளில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் தாழ்ந்து ரவுட்டர் அணைந்து எழும். அது எழுந்து தொடர்பு பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷம், அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸில் போட்டால் போதும். ஃபைபர் பெட்டியை விட்டுவிட்டு ரவுட்டருக்கு மட்டும் போடுகிறவர்கள் நிறைய, அது வீண். கடையில் நான் விற்றதிலேயே விலை குறைவான சாமான்களில் அது ஒன்று. உண்மையாகவே பலருக்கு உதவியதும் அதுதான்.

சோதிப்பது கஷ்டமாக இருந்திருந்தால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். கஷ்டமே இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஒரு பிங் ஓடவிட வேண்டும். பக்கத்திலேயே வெளியில் ஒரு முகவரிக்கு இன்னொன்று. ரவுட்டருக்கே எண் எகிறினால் வைஃபை. ரவுட்டர் ஒன்றிரண்டில் நின்று வெளியே மட்டும் எகிறினால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி பார்ப்பது. அப்போதும் எகிறினால்தான் கேபிள்காரருக்குப் போன். மௌஸ் கனக்கிறது என்றால் போனில் ஸ்லோமோஷன் வைத்து, கையும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரிப் படம் பிடித்து, கை அசைந்ததற்கும் திரை அசைந்ததற்கும் நடுவில் எத்தனை பிரேம் என்று எண்ணுவது. 240 பிரேம் வேகத்தில் எடுத்தால் ஒன்றுக்கு நாலு மில்லி செகண்ட். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தை ஒரு வாடிக்கையாளருக்கும் நான் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு விற்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

ஒரத்தநாட்டு அப்பாவின் நம்பர் பழைய பில் புத்தகத்தில் இருக்கிறது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் கூப்பிட்டேன். அவரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரவுட்டர் நல்லாத்தான் தம்பி ஓடுது, இருக்கட்டும்” என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, “நடவு வேலை இருக்கு, அப்புறம் பேசுவோம்” என்று வைத்துவிட்டார். 6,800 ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கேமிங் ரவுட்டர் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு: முதலில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, நெட் இல்லாமல் ஓடுகிற ஏதாவது ஒரு கேமை ஆடிப் பாருங்கள். அப்போதும் மௌஸ் கனத்தால், என் கடைக்கும் வராதீர்கள், வேறு கடைக்கும் போகாதீர்கள். டிவி ரிமோட்டை எடுங்கள்.